அம்மாவின் ஈரலும் அளவுக்குழலும்

கிராணி உத்தியோகம் என்பது எண்களோடு குடித்தனம் செய்யும் உத்தியோகம். விடியற்காலைப் பெரட்டில் எத்தனை பேர் நின்றனர், எந்த நிரையில் எத்தனை குலை வெட்டினர், லாரி எத்தனை டன் ஏற்றிச் சென்றது, ஆலையில் எத்தனை டன் இறங்கிற்று என்று எழுதுவதும் கூட்டுவதுமே என் பிழைப்பு. ஒன்றுக்கொன்று ஒவ்வாவிடில் அன்றைய இரவு உறக்கமில்லை. சகுனம், நாள், கோள், கண்ணேறு முதலியவற்றையெல்லாம் விட்டொழித்தவன் என்று நண்பர்களிடத்துப் பெருமை பேசுபவன் நான். ஆயினும் எண் பொய் சொல்லாது என்னும் ஒரே ஒரு மூடநம்பிக்கையை மட்டும் எவரும் அறியாவண்ணம் மடியிற் கட்டி வைத்திருந்தேன். அதனை என்னிடமிருந்து அவிழ்த்துப் போட்டவர் எழுத்தறியாத என் தாயார். அந்த வரலாற்றை எழுதுகிறேன்.

என் தந்தையார் 2012 ஆம் ஆண்டு காலமானார். நோய் கல்லீரற் புற்று. வயிறு உப்பி, கண் மஞ்சளித்த பின்னரே அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார்; நிறுத்திய பின்னரே நாங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். அப்பொழுது கட்டி ஒரு தேங்காய் அளவு வளர்ந்திருந்தது. மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. அவர் இரத்தத்தில் ஹெப்பாட்டிட்டிஸ் பி என்னும் கிருமி பல்லாண்டுகளாகக் குடியிருந்ததென்றும், குடும்பத்தார் அனைவரும் இரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டுமென்றும் டாக்டர் சொன்னார். அம்மாவைச் சோதித்ததில் அவர் இரத்தத்திலும் அதே கிருமி இருந்தது. என் தங்கை 1991 இல் பிறந்தவள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இந்நோய்க்கான தடுப்பூசி போடத் தொடங்கியது 1989 இல். ஆதலின் அவள் தப்பினாள். நான் 1988 இல் பிறந்தவன். எனக்கும் சோதனைத் தாள் எழுதிக் கொடுத்தார்கள். அதனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மா ஆறு திங்களுக்கு ஒரு முறை ஈரலை ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இரண்டாண்டுகள் தவறாமல் அழைத்துச் சென்றேன். பிறகு ஒரு முறை தவறிற்று. அடுத்த முறையும் தவறிற்று. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மை யாதெனில், நான் லீவு கேட்கவேயில்லை. அம்மா நன்றாய் நடமாடினார், உண்டார், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முறுக்குச் சுட்டார். நோயில்லாதவரை நோயாளியாக்கி நாள் முழுதும் வரிசையில் உட்கார்த்துவானேன் என்று என் மனம் எனக்கே வழக்காடிற்று. இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

2023 ஆகஸ்டில் அம்மாவுக்கு வலப்பக்க விலாவின் கீழ் வலி கண்டது. அந்த வலிக்குக் காரணம் பித்தப்பைக் கல் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆனால் கல்லைத் தேடிய ஒலியலைப் படத்திலே ஈரலில் இரண்டு புள்ளிகள் தென்பட்டன, ஒன்று 2.7 செ.மீ., மற்றொன்று ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சிங்கப்பூரில் அத்தை வீட்டிலிருந்து ஆங்கிலப் பள்ளியிற் படித்த படிப்பு அன்று எனக்கு வினையாயிற்று. ஆஸ்பத்திரி வாயிலிலேயே நின்று அறிக்கையைப் படித்துவிட்டேன்.

“என்னய்யா போட்டிருக்கு?” என்றார் அம்மா.

“கொழுப்புத்தாம்மா” என்றேன்.

அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் செம்பனையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பால்வெட்டிய காலத்தில் அந்த நிலமெல்லாம் ரப்பர்.

அடுத்து எடுத்தது சி.டி. படம். அதன் விவரத்தை நேயர்கள் பொறுமையோடு கேட்டல் வேண்டும். ஏனெனில் செய்தியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான உறுப்புகளுக்கில்லாத ஒரு வசதி கல்லீரலுக்கு உண்டு. அதற்கு இரத்தம் இரு வாய்க்கால்களில் வருகிறது. இதயத்திலிருந்து நேரே வரும் நாடியின் வழியாக ஏறத்தாழக் காற்பங்கு. குடலிலிருந்து உணவுச்சத்தைச் சுமந்து வரும் பெரிய சிரையின் வழியாக முக்காற்பங்கு. ஆனால் ஈரலில் தோன்றி வளரும் புற்று, தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் நாடியிலிருந்தே உறிஞ்சும். ஆகவே கைநரம்பில் ஒரு சாய மருந்தைச் செலுத்திவிட்டு, ஏறத்தாழ முப்பது நாற்பது விநாடியில் ஒரு படம், எழுபது விநாடியளவில் ஒரு படம், மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு படம் என்று அடுத்தடுத்து எடுக்கிறார்கள். முதற்படத்திற் சாயம் நாடியில் மட்டுமே மிகுந்திருக்கும். அப்பொழுது ஈரலைக் காட்டிலும் ஒளிர்ந்து, பின்வரும் படங்களில் ஈரலைக் காட்டிலும் மங்கிப் போகும் புள்ளி புற்றாயிருக்கக் கூடும். சாயம் வேகமாய் வந்து வேகமாய்க் கழுவப்பட்டுவிடுகிறது என்பது பொருள்.

அம்மாவின் பெரிய புள்ளி முதற்படத்தில் விளக்குப் போல் ஒளிர்ந்தது. அவ்வளவே அந்த முதல் அறிக்கையில் எனக்கு விளங்கிற்று. புற்றாகவும் இருக்கலாம், தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டியாகவும் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்துத் தெளிக என்று அடியில் எழுதியிருந்தது. எனினும் தந்தையைப் பறிகொடுத்தவனுடைய கண்ணுக்கு அந்த இரண்டாவது கூற்றுப் புலப்படவேயில்லை. டாக்டரைக் காணப் பத்தொன்பது நாள் இருந்தது. அந்தப் பத்தொன்பது இரவுகளும் கைப்பேசியின் ஒளியில் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்தேன். 2011 இல் அமெரிக்கக் கதிரியற் கல்லூரி வகுத்த ‘லை-ராட்ஸ்’ என்னும் தர வரிசையைப் பற்றி அறிந்தேன். ஈரற்புள்ளிகளைத் தீங்கற்றது உறுதி என்னும் முதற்படியிலிருந்து புற்று உறுதி என்னும் ஐந்தாம்படி வரை அதில் பிரிக்கிறார்கள். ஹெப்பாட்டிட்டிஸ் பி நெடுநாள் உள்ளவர், ஈரல் சுருங்கித் தழும்பேறியவர் ஆகியோருக்கே அது பொருந்தும். அத்தகையோர்க்கு ஐந்தாம்படி அடையாளங்கள் அமைந்துவிட்டால், ஊசி குத்திச் சதை எடுக்காமலே புற்றென்று முடிவு செய்து சிகிச்சை தொடங்கலாம். இதைப் படித்த இரவு நான் வெளியே வந்து திண்ணையில் விடியுமளவும் உட்கார்ந்திருந்தேன். அம்மா அத்தகையோருள் ஒருவர் அல்லவோ.

இதற்கிடையே உறவினர் வரத் தொடங்கினர். கொழுப்பு என்று நான் சொன்ன பொய் ஒரு வாரங்கூட நிற்கவில்லை. ஒருவர் கீழாநெல்லி கொண்டுவந்தார். ஒருவர் பக்கத்துத் தோட்டத்துச் சாமியாடியிடம் குறி கேட்டு வந்தார். அப்பாவின் ஆவி கூப்பிடுகிறதாம். அவரை நான் கடிந்து பேசி அனுப்பிவிட்டேன். ஆனால் பெரியம்மா சொன்னது வேறு. “ஊசி மட்டும் குத்த விட்டுடாதே தம்பி, குத்தினா பரவிடும்” என்றார். அறியாமையென்று அதனையும் தள்ளினேன். பின்னர்ப் படித்துப் பார்க்குங்கால், ஈரற்புற்றில் ஊசி குத்திச் சதை எடுத்தவருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஊசி சென்ற தடத்திலே புற்று விதை ஊன்றியதாக மருத்துவர்களே கணக்கெடுத்திருக்கக் கண்டேன். பெரியம்மா எண்ணறியாமற் சொன்னதில் எண்ணொன்று ஒளிந்திருந்தது. தேவை நேர்ந்தால் குத்தத்தான் வேண்டும். தொண்ணூற்றேழு பேருக்கு அந்தத் தீங்கில்லை. ஆயினும் குத்தாமலே அறிய வழியிருக்குமாயின் அதை முதலில் நாடுவது நன்றென்பதில் பெரியம்மாவும் மருத்துவரும் ஒரே கட்சி.

படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. இத்தகைய டாக்டர்கள் பெரும்பாலும் நோயாளியைக் காண்பதில்லை. இருட்டறையில் படங்களோடு இருப்பவர்கள். என் கேள்விகளால் அலுத்துப்போன மற்றொரு டாக்டர், “நீங்கள் அவரையே கேளுங்கள்” என்று அழைத்துச் சென்று உட்கார வைத்தார். அந்த உதவியை நான் மறவேன். அம்மையார் திரையில் அம்மாவின் ஈரலை வரவழைத்து, புள்ளியின் மேல் ஒரு சிறு வட்டம் வரைந்தார். வட்டத்தருகே ஓர் எண் தோன்றிற்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எண் என்றால் என் ஊரல்லவா!

அந்த எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். தண்ணீருக்கு 0 என்றும் காற்றுக்கு −1000 என்றும் வைத்துக்கொண்டு, ஊடுருவிச் செல்லும் கதிரை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதை அளக்கும் கணக்கு. கொழுப்பு −100 அளவில் நிற்கும். சாயமேறாத நல்ல ஈரல் 50, 60 என்றிருக்கும். இதனை ஆக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருடைய யந்திரத்தில் முதல் நோயாளியைப் படமெடுத்தது 1971 அக்டோபரில், லண்டனில். 1979 இல் ஆலன் கார்மாக் என்பவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பட்டமில்லாதவர் என்பதை ஏன் இங்குச் சொல்கிறேனெனில், நம் தோட்டத்துப் பிள்ளைகள் அதனைக் கேட்டிருத்தல் நல்லது.

டாக்டர் அம்மையார் மூன்று வட்டங்கள் வரைந்தார். ஒன்று புள்ளியில், ஒன்று பக்கத்து ஈரலில், ஒன்று பெரிய இரத்தக்குழாயில். முதற்படத்தில் ஈரல் 75, இரத்தக்குழாய் 290, புள்ளி 241. “கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவே, ஒளிர்கிறது என்று மட்டும் நீங்கள் படித்தீர்கள்” என்றார். அடுத்த படத்தில் ஈரல் 110, இரத்தக்குழாய் 170, புள்ளி 164. கடைசிப் படத்தில் ஈரல் 95; இரத்தக்குழாய் 126; புள்ளி 122. “இப்பொழுது கணக்குப் பாருங்கள்” என்றார். பார்த்தேன். புள்ளியின் எண் ஈரலின் எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்கவில்லை. அதைவிட முக்கியமானது, அஃது இரத்தக்குழாயின் எண்ணைப் பற்றிக்கொண்டே ஏறி, பற்றிக்கொண்டே இறங்கிற்று. தாயின் முந்தானையைப் பிடித்து நடக்கும் பிள்ளையைப் போல. புற்று அவ்விதம் நடப்பதன்று. இரத்தக்குழாய்கள் தம்முட் பின்னிக் குட்டையாய்த் தேங்கிய ஹெமாஞ்சியோமா என்னும் தீங்கற்ற கட்டியே அவ்விதம் நடக்கும். பெரியதாயின் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல உள்நோக்கி நிரம்பும். சிறியது சில வேளைகளில் ஒரே நொடியில் நிரம்பி, புற்றின் வேடம் போட்டு மருட்டும். ஈரலிற் காணும் தீங்கற்ற கட்டிகளுள் இதுவே மிகுதி. பெண்களிடத்து மேலும் மிகுதி.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மையார் கையமர்த்தினார். கிருமி உள்ளவர் என்பதால் எம்.ஆர்.ஐ. பார்த்த பிறகே எழுத்தில் உறுதி தர முடியுமென்றும், சிறிய புள்ளியைப் பற்றித் தாம் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையென்றும் நினைவூட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மை முழுவதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அங்கேதான் என் ஆங்கிலப் படிப்பின் வறுமை வெளிப்பட்டது. நாடி, சிரை, அலகு என்று தொடங்கி நான்கு வாக்கியத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். அப்பொழுது பழைய பால் கொட்டகை என் நினைவில் வந்தது. நேயர்களிற் பலருக்கு நினைவிருக்கும். பால்வெட்டி வந்த வாளிகளை நிறுத்தால் மட்டும் போதாது. அதிற் கெட்டியான ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு மெட்ரோலாக் என்னும் மிதக்கும் அளவுக்குழல் ஒன்று உண்டு. பாலோடு தண்ணீர் கலந்து குழலை மிதக்க விடுவார் பெரிய கிராணியார். ரப்பர் தண்ணீரை விட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் குழல் ஆழ இறங்கும். எவ்வளவு இறங்கிற்றோ அவ்வளவு கூலி. கண்ணால் பார்த்தால் இரு வாளியும் ஒரே வெள்ளை. எங்கள் ஸ்டோரில் அக்குழல் ஒன்று இன்றும் பஞ்சுக்குள் கிடக்கிறது.

“அது மாதிரிதாம்மா. கண்ணுக்கு ரெண்டு கட்டியும் ஒரே மாதிரி தெரியும். எண்ணு எடுத்துப் பாத்தாத்தான் எது நல்லது எது கெட்டதுன்னு பிரியும்” என்றேன்.

முப்பதாண்டு பால்வெட்டிய அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிய கையோடு ஒரு கேள்வியும் கேட்டார்.

“வெயில்ல கெடந்த தொட்டித் தண்ணிய ஊத்திக் கலந்தா அந்தக் குழல் ஆழமா எறங்கும். கெணத்துத் தண்ணி ஊத்தினா மேலயே நிக்கும். அதே பாலுதான். அதனாலதான் பழைய கிராணியார் நிழல்லயே ஒரு பானைத் தண்ணி வச்சிருப்பாரு. இந்த ஆஸ்பத்திரில எல்லாம் ஒரே தண்ணியா ஊத்துறாங்க?”

நான் வாயடைத்துப் போனேன். பத்தொன்பது இரவு படித்த எனக்குத் தோன்றாத கேள்வி அது.

எம்.ஆர்.ஐ. நாள் அக்டோபரில் வந்தது. உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கலாகாது என்றார்கள். அம்மாவின் மூக்குத்தி நாற்பதாண்டுகளாகக் கழற்றாதது. அப்பா இறந்தபோது அதைக் கழற்றச் சொன்ன பெரியவர்களோடு நானும் தங்கையும் சண்டையிட்டு நிறுத்தி வைத்த மூக்குத்தி. செவிலியொருத்தி சோப்பு நீர் விட்டு ஒரு மணி நேரம் பாடுபட்டுக் கழற்றினாள். “உங்கப்பா போனதுக்குக் கழட்டல, இந்த மெஷினுக்குக் கழட்ட வேண்டியதாப் போச்சு” என்று அம்மா சிரித்தார். அவர் அன்று சிரித்தது அந்த ஒரு முறைதான். உள்ளே “தாரிக் நபாஸ், தாஹான்” என்று மலாயில் ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல, மூச்சை இழுத்தும் நிறுத்தியும் முக்கால் மணி நேரம் கிடந்தார். ரப்பர் ஷீட் போடும் மெஷினுக்குள் தலையை வைத்தாற் போல் இருந்ததென்றார்.

இந்த யந்திரத்தில் கதிரில்லை, காந்தம். இதிலும் எண்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ஏ.டி.சி. எனப்படும். உடம்பிலுள்ள நீரணுக்கள் ஓயாது அங்குமிங்கும் நெளிந்துகொண்டிருக்கின்றன. உயிரணுக்கள் நெருங்கி அடைந்த இடத்தில் அவை நெளிய இடமின்றி முட்டிக்கொள்ளும். தளர்ந்த இடத்தில் தாராளமாய் ஓடும். சம்பள நாளில் ஆபீசு வாயிலில் நிற்கும் கூட்டத்தையும், ஞாயிற்றுக்கிழமைப் பந்துத்திடலையும் எண்ணிக்கொள்க. புற்று நெருக்கம் மிகுந்தது. ஆதலின் அதன் எண் தாழ்வு. நீர்க்கட்டிக்கும் இரத்தக்குழாய்க் கட்டிக்கும் எண் உயர்வு. விநாடிக்குச் சதுர மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு என்னும் அலகில், அம்மாவின் ஈரல் 1.1, பெரிய புள்ளி 2.0. மேலும் ‘டி-2’ என்னும் படத்தில் அந்தப் புள்ளி நீர்க்குளம் போல் வெளுத்திருந்தது. அதுவும் ஹெமாஞ்சியோமாவின் குறி.

ஒரு படம் மட்டும் என்னைத் திடுக்கிடச் செய்தது. இம்முறை செலுத்திய மருந்தை ஈரலின் உயிரணுக்களே உள்வாங்கிக்கொள்ளும். இருபது நிமிடங் கழித்து எடுத்தால் ஈரல் முழுதும் வெளுத்துத் தெரியும். அதில் அம்மாவின் பெரிய புள்ளி கரியதாய்க் கிடந்தது, கட்டுரைகளில் நான் கண்ட புற்றைப் போலவே. டாக்டர் அம்மையார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அங்கே ஈரலணு இல்லை, அதனால் கருமை. சாயம் கழுவப்பட்டதால் வந்த கருமை வேறு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே” என்றார். பாதி படித்தவன் எவ்வளவு எளிதில் ஏமாறுவான் என்பதற்கு நானே சாட்சி.

பிறகு அம்மாவின் தொட்டித் தண்ணீர்க் கேள்வியை மொழிபெயர்த்துக் கேட்டேன். அம்மையார் நாற்காலியை என் பக்கம் திருப்பி, கேட்டவர் யாரென்று வினவினார். சொன்னேன். பின்னர் அவர் விளக்கியதன் சாரம் வருமாறு: தண்ணீர் ஒன்றல்லதான். ஏ.டி.சி. எண் யந்திரத்துக்கு யந்திரம் மாறும். ஒரே யந்திரத்தில் அமைப்பைச் சிறிது மாற்றினாலும் மாறும். நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் எல்லை 1.4 என்று ஓர் ஆய்வு கூறினால், 1.6 என்று மற்றொன்று கூறும். தீங்கற்ற கட்டிகளிலும் நெருக்கமானவை உண்டு. அவற்றின் எண் புற்றின் எண்ணோடு கலந்துவிடும். நடுவே அழுகிப்போன புற்று, எண்ணளவில் நீர்க்கட்டியாய் நடிக்கும். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே தண்ணீர் ஊற்றும் வழி காண்பதற்கென்றே வட அமெரிக்கக் கதிரியற் சங்கம் 2007 இல் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திற்று. இப்பொழுது கணிப்பொறிகள் ஒரு கட்டியிலிருந்து நூற்றுக்கணக்கான எண்களைப் பிழிந்தெடுக்கின்றன. அவற்றுள் எத்தனை நாளைக்கும் அதே எண்ணாய் நிற்கும் என்பதே கேள்வி. ஆகையினால்தான் புள்ளியின் எண்ணைத் தனியே நிறுத்தி மதிப்பிடாமல், அதே படத்தில், அதே மூச்சில், அதே உடம்பிலுள்ள இரத்தக்குழாயோடும் ஈரலோடும் ஒப்பிட்டதாகச் சொன்னார். பழைய கிராணியார் நிழலில் வைத்த பானை இதுதான் போலும்.

பெரிய புள்ளிக்கு ஐயம் நீங்கிற்று; முதற்படி. சிறியது 9 மி.மீ. முதற்படத்தில் மெலிதாய் ஒளிர்ந்தது, பின்னர் மங்கவுமில்லை. ஏ.டி.சி. எண் என்னவென்று கேட்டேன். “எழுதமாட்டேன்” என்றார் அம்மையார். அவ்வளவு சிறிய புள்ளியில் நாலைந்து கட்டங்களே அகப்படும். மூச்சு சிறிது அசைந்தாலும் பக்கத்து ஈரலின் எண் அதிற் கலந்துவிடும். எண் ஒன்று தந்தால் நீங்கள் அதை நம்பிவிடுவீர்கள் என்றார். என் தொழிலில் எழுதாமல் விட்ட கட்டத்தைக் குற்றமென்பர். அன்றைக்கு அந்த வெற்றுக் கட்டத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. அது மூன்றாம்படி, அதாவது இன்னதென்று சொல்ல முடியாதது. மூன்று முதல் ஆறு திங்களில் மீண்டும் படமெடுத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே வழி. 2024 மார்ச்சில் பார்த்தார்கள். 9 மி.மீ. செப்டம்பரில் பார்த்தார்கள். 9 மி.மீ.

மீந்தது ஒன்று.

மார்ச்சில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, “ஒன்னோட ரத்தத்த எப்ப பாக்கப்போறே?” என்றார் அம்மா. பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் அதனைக் கேட்டது அதுவே முதன்முறை. பிறகு பார்ப்போம் என்றேன். அவர் தலை குனிந்துகொண்டு, “நாங்கொடுத்ததா இருந்தா தெரிஞ்சுக்க வேணாமா” என்றார்.

அப்பொழுதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அப்பா இறந்த ஆண்டு முதல் அம்மா தமக்கென்று ஒரு தட்டும் ஒரு குவளையும் தனியே வைத்து, தனியே கழுவி, தனியே கவிழ்த்து வருகிறார். பழக்கம் என்றெண்ணி நான் அதனைக் கேட்டதில்லை. தனிக்குவளைக் கொடுமையைப் பற்றி மேடையில் பேசியவன் நான்; என் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு தனிக்குவளை பன்னிரண்டு ஆண்டு இருந்தது. இக்கிருமி தட்டிலும் குவளையிலும் பரவுவதன்று. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிறப்பின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுவது. பிறக்கும்போதே பெற்ற குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்தபின் பெற்றால் பெரும்பாலோர்க்குத் தானே நீங்கிவிடும். இவையெல்லாம் அந்தப் பத்தொன்பது இரவுகளில் நான் படித்தவை. படித்ததில் ஒரு சொல்லைக்கூட அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்றே இரத்தம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. இருக்கிறது.

அம்மா அழுதார். அவருக்கு அதைக் கொடுத்தவர் அவருடைய தாயாய் இருக்கலாம். பாட்டிக்குக் கொடுத்தவர் யாரோ. குற்றம் எவர் மேலும் இல்லையென்று இரவெல்லாம் சொன்னேன். கிருமியை அடக்கி வைக்கும் மாத்திரை உண்டு, தேவைப்படும்பொழுது தொடங்குவார்களாம். என் மனைவியும் இரு பிள்ளைகளும் சோதித்துக்கொண்டார்கள், மூவருக்கும் இல்லை. என் ஈரலையும் ஒலியலையில் பார்த்தார்கள். புள்ளியில்லை. தனித்தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினேன். அம்மா இரண்டு முறை பிரித்து வைத்தார், மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

ஆறு திங்களுக்கொருமுறை இருவர்க்கும் ஒரே நாளில் முறை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தது வருகிற மாதம் பதினான்காம் தேதி, காலை எட்டரை மணி. லீவுக் கடிதத்தை நேற்றே பெரிய கிராணியாரிடம் கொடுத்துவிட்டேன்.